கொல்லைக் கதவும் மூன்றாவது பெட்டியும்

1. ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அம்மா வேலைக்கான மாதிரி வகுப்பு எடுக்க உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தது.

2. அந்த நிறுவனம் இரண்டு வாரம் கழித்து, அதே கிழமை, அதே நேரத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்று மின்னஞ்சலின் கடைசி வரியில் இருந்தது.

3. பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு மெஷ் ரவுட்டர் மாட்டினேன். மூன்று பெட்டிகள்.

4. ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு வீடு முழுக்கச் சோதித்தேன். எல்லா இடத்திலும் சிக்னல் நன்றாக இருந்தது.

5. திங்கள் மாலை 6.04க்கு மூன்றாவது பெட்டி போனது. 7.10க்குத் தானாகத் திரும்பி வந்தது.

6. செவ்வாய், 6.06. புதன், 6.03.

7. புதன்கிழமை, அப்பாதான் சுவிட்சை அணைக்கிறார் என்று அவரிடமே சொன்னேன்.

இது நடந்த வரிசை. எனக்கு உறுத்தும் வரிசையில் எழுதியிருந்தால் ஏழுதான் முதலில் வந்திருக்கும்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் பழைய வீடு. வாசல் கூடம், அடுத்து ஒரு அறை, சாப்பிடும் இடம், சமையலறை, கொல்லைக் கதவு. கதவைத் தாண்டினால் கிணறும் துவைக்கிற கல்லும் உள்ள சிறிய முற்றம். வாசலிலிருந்து முற்றத்துக்கு வர, வீட்டை ஒட்டி ஒரு சந்தும் உண்டு. முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில், நான் பள்ளியில் படிக்கும்போது கட்டிய தனி அறை. அம்மா பாட்டு சொல்லிக் கொடுப்பது அங்கேதான். வாசல் கூடத்தில் உட்கார்ந்தால் ஹாரன் சத்தம், ஒலிபெருக்கி, எதிர்வீட்டு நாய் என்று எல்லாமே மைக்கில் விழும். பின்னறையில் ஒரு சத்தமும் கிடையாது. கைபேசி சிக்னலும் சரியாகக் கிடையாது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபது வருடமாகத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். வாரநாட்களில் மாலை தி. நகருக்கு பஸ் பிடித்துப் போய் ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்குப் பாட்டு சொல்லித் தருகிறாள். ஆனால் விண்ணப்பம் என்று ஒன்றை அவள் எழுதியது அந்த மாதம்தான் முதல் முறை. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க் குழந்தைகளுக்கு இணையத்தில் பாட்டு சொல்லித் தரும் நிறுவனம் அது. படிவத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டு என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முதல் மாதிரி வகுப்பு பாதியில் நின்றபோது, திரையில் உறைந்து போயிருந்த மூன்று குழந்தைகளின் முகத்தைப் பார்த்தபடி இன்னும் இரண்டு வரி பாடிக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டது என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

"எனக்குப் பாட வரலைன்னு நெனச்சிருப்பாளோ?" என்றாள்.

"இல்லம்மா. நெட் போச்சுன்னு அவாளுக்குத் தெரியும்."

"தெரியுமோ என்னவோ."

நான் படித்தது கணினிப் பொறியியல். தரமணியில் வேலை. நான் இருக்கும் வீட்டில் வைஃபை இல்லாமல் அம்மாவின் வேலை போகிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அன்றே ஒரு பட்டியல் போட்டேன்.

மெஷ் என்பது பெரிய வித்தை இல்லை. ஒரே ரவுட்டர் வீடு முழுக்கக் கத்துவதற்குப் பதில், மூன்று பெட்டிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கும். முதல் பெட்டி வாசல் கூடத்தில், இணைப்பு உள்ளே வரும் இடத்தில். இரண்டாவது சாப்பிடும் இடத்தில். மூன்றாவது பின்னறையில். நடுவில் ஒயர் எதுவும் வேண்டாம். வீட்டின் வரைபடம் ஒன்று போட்டேன். சுவர்களின் கனம், இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் என்று சிக்னலை மறைக்கக் கூடிய எல்லாவற்றையும் குறித்தேன். கதவுகளை, வரைபடங்களில் வழக்கமாகப் போடுவது போல, திறந்த நிலையில் வரைந்தேன்.

பழைய இணைப்பை மாற்றித் தர இணைய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மேடம், செவுரு கோட்டை மாறி கீது. சிக்னல் இத்த தாண்டுமா?"

"தாண்டாது. அதான் நடுவுல ஒண்ணு வைக்கறேன்."

அவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வழியாக நடந்தார். திறந்திருந்த கொல்லைக் கதவின் நிலைப்படியில் நின்று, "இங்க சூப்பரா வருது. இந்த வாசப்படிதான் மேடம் உங்க டவரு," என்றார்.

நானும் சிரித்தேன். குறித்துக்கொள்ளவில்லை.

பெட்டிகளின் நிலை கைபேசிக்கு வரும்படி திங்கட்கிழமை காலைதான் வைத்தேன். அன்று மாலை அலுவலகத்தில் இருக்கும்போது முதல் அறிவிப்பு வந்தது. மூன்றாவது பெட்டி இணைப்பில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து இணைப்பில் இருக்கிறது. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. நேரம் பிசகவில்லை. ஒரு கருவி தினமும் ஒரே நேரத்தில் செத்து ஒரே நேரத்தில் பிழைத்தால், அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அம்மா தி. நகரில், நான் தரமணியில். வீட்டில் இருப்பது அப்பா ஒருவர்தான்.

அப்பாவுக்கு ஆளில்லாத அறையில் ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தாலும் பொறுக்காது. சார்ஜர், டி.வி., ஹீட்டர், எல்லாவற்றையும் சுவரில் உள்ள சுவிட்சிலேயே அணைப்பார். பழைய ரவுட்டரை எத்தனையோ முறை அணைத்திருக்கிறார். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாலையில் வீடு முழுக்கச் சுற்றி வந்து சுவிட்ச் பார்ப்பது அவருக்கு ஒரு வேலை.

புதன் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

"அப்பா, பின்னறைல இருக்கற பெட்டிய அணைக்காதே. மூணு நாளா ஆறு மணிக்கு அணைஞ்சிருக்கு."

"நான் தொடலையே."

"வேற யாரும் ஆத்துல இல்லப்பா."

"தொடலைங்கறேன். நீ ஞாயித்துக்கிழமையே சொன்னியே, தொடாதேன்னு. அப்பறம் நான் ஏன் தொடறேன்?"

"மறந்து போய்…"

"எனக்கு இன்னும் அவ்வளவு மறக்கலை," என்று அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேச்சை நீட்டாமல், பின்னறை சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு தாளில் 'தொடக் கூடாது' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். எழுபதை நெருங்கும் மனிதர் தன் கையால் கட்டிய அறையில் அந்தத் தாளைப் படிப்பார் என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. சனிக்கிழமைதான் விஷயம்.

வியாழன், 6.05. அலுவலகத்திலிருந்து போன் செய்தேன்.

"அப்பா, டேப்பப் பிரிச்சியா?"

"வந்து பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். டேப் அப்படியே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த காரணத்துக்குப் போனேன். பக்கத்து மாடி வீடுகளில் ஆறு மணிக்கு எல்லாரும் வைஃபையைப் போடுவார்கள், அலைவரிசை நெரிசலாகும் என்று சானலை மாற்றினேன். வெள்ளிக்கிழமை, 6.03. அப்பா அன்றிலிருந்து கூடத்து மின்விசிறியைப் போடக்கூட, "போடலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் பதில் வரும்வரை போடவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆறு மணிக்குப் பெட்டியின் முன்னால் நானே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறாகக் கால் மணி இருக்கும்போது அம்மாவுடன் கொல்லைக் கதவைத் தாண்டிப் பின்னறைக்குப் போனேன். அம்மா அரக்குக் கரை போட்ட பருத்திப் புடவை கட்டியிருந்தாள். சுருதிப் பெட்டியைச் சின்னதாக ஓடவிட்டு, தலையை ஆட்டியபடி உதட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெட்டியில் வெள்ளை விளக்கு எரிந்தது. மடிக்கணினியில் எல்லா எண்களும் சரியாக இருந்தன.

"இன்னிக்கு இருக்குமாடி?" என்றாள் அம்மா.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

ஆறு மணி. ஆறு ஒன்று. ஆறு மூன்றுக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொல்லைக் கதவு சாத்தப்பட்டு, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் பிறந்ததிலிருந்து தினமும் கேட்கும் சத்தம். தலையைக்கூடத் திருப்பவில்லை.

சில நொடிகளில் வெள்ளை விளக்கு சிவப்பாக மாறியது.

டேப் அப்படியே இருந்தது. சுவிட்சை யாரும் தொடவில்லை. மடிக்கணினியில் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்று அதுவே கணக்கு வைத்திருக்கும். ஆறு நாள், ஏழு மணி நேரம். ஞாயிறு நான் போட்டதிலிருந்து ஒரு முறைகூட அணைக்கப்படவில்லை. இதைத்தான் திங்கட்கிழமையே முதலில் பார்த்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடமே இதுதான். நான் பார்க்காததற்குக் காரணம், விடை ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தது.

எழுந்து முற்றத்துக்கு வந்தேன். கொல்லைக் கதவு எதிரே சாத்தியிருந்தது. மழைச் சாரலில் மரம் உப்பிப் போகிறது என்று அப்பா அதன் வெளிப்பக்கம் முழுக்கத் தகரம் அடித்திருந்தார். சிக்னல் இத்தனை நாளும் சுவரைத் தாண்டவில்லை. திறந்த கதவு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. விளக்கேற்றும்போது வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், கொல்லைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். வாசலில் வரும் லட்சுமி கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது. அம்மா தி. நகர் போக ஆரம்பித்ததிலிருந்து விளக்கேற்றுவது அப்பாதான். முதல் மாதிரி வகுப்பு அன்றும் அவர்தான் ஏற்றினார், அம்மாவுக்காக, அவள் பாட உட்கார்ந்த பிறகு, கொஞ்சம் தாமதமாக. அன்றும் இதே தகரம்தான் நடுவில் நின்றிருக்கும். நான் போட்ட வரைபடத்தில் சுவர்களின் கனம் இருந்தது, பீரோ இருந்தது. இந்தக் கதவு சாத்தப்படும் என்பது இல்லை.

மணி ஆறு எட்டு. கதவைத் தட்டினேன்.

"அப்பா, கதவத் திற!"

"விளக்கேத்தியாச்சு," என்று உள்ளேயிருந்து குரல். "சந்து வழியா வா."

"எனக்கு உள்ள வர வேண்டாம்ப்பா. கதவு திறந்திருக்கணும். இதுதான் நெட்ட மறைக்கறது."

"எது?"

"கதவு. தகரம்."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு, "அப்ப சுவிட்ச் இல்லையா?" என்றார்.

"சுவிட்ச் இல்லை."

தாழ்ப்பாளில் அவர் கை படுவது கேட்டது. ஆனால் இழுக்கவில்லை. "அம்மாவக் கேளு. அவ சொன்னா திறக்கறேன்."

அம்மா அதற்குள் என் பின்னால் வந்து நின்றிருந்தாள். கதவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏன்னா, திறக்காதேங்கோ."

"அம்மா, இருபது நிமிஷம்தான் இருக்கு. க்ளாஸ் போயிடும்."

"இத்தனை வருஷமா சாத்தற கதவ, எனக்கு வேலை வேணும்னு இன்னிக்குத் திறக்கச் சொன்னா நன்னாவா இருக்கும்?"

"அப்ப வேலை வேண்டாமா உனக்கு?"

"வேணும். கதவத் திறக்காம பண்ணு. அதுக்குத்தானே படிச்சிருக்கே."

கோபமாகச் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரம் எதுவும் இல்லை. பிறகு பின்னறைக்குப் போய்ச் சுருதிப் பெட்டியின் முன் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது என்னிடம் இருந்த வழிகள் மூன்று. வாசல் கூடத்துக்கு மாறுவது: சனிக்கிழமை சாயங்காலம், தெரு முழுக்கக் கூட்டம், முடியாது. கைபேசி இணைப்பு: ஒரே ஒரு கோடு, அதுவும் நிலையில்லை. ஒயர் இழுப்பது: எங்கே, எப்படி? கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. அதையும் அப்பாதான் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

சந்து வழியாக ஓடி வாசலில் நுழைந்து சமையலறைக்கு வந்தேன். அப்பா தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றிருந்தார்.

"ஒயர் இருக்கா?" என்றார்.

"பரண்ல இருக்கும். ஹாஸ்டல்ல வெச்சிருந்தது. ஆனா எது வழியா வெளில விடறது?"

அப்பா காலால் காட்டினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, முற்றத்துக்குத் தண்ணீர் போகும் ஓட்டை. கம்பி வலை போட்டு மூடியிருந்தது. அவர் குனிந்து வலையைப் பிடுங்கினார். நான் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பழைய தலையணை உறைக்குள் நீல நிற ஒயர்ச் சுருள். ஒரு முனையை இரண்டாவது பெட்டியில் செருகினேன். மறுமுனையை அப்பா ஒட்டடைக் கம்பில் கட்டி ஓட்டைக்குள் விட்டார். நான் மறுபடி சந்து வழியாக ஓடி, முற்றத்தில் குனிந்து அதைப் பிடித்து இழுத்தேன். பாசியும் சோற்றுப் பருக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தன.

மணி ஆறு பத்தொன்பது. இழுத்துக்கொண்டே போனேன். துவைக்கிற கல் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பின்னறை ஜன்னலுக்கு இன்னும் மூன்று முழம்.

"இன்னும் விடுப்பா!"

"இங்க இழுத்துக் கட்டின மாதிரி நிக்கறது. இனிமே இழுத்தா பெட்டி கீழ விழும்!"

ஒயர் வராவிட்டால் பெட்டி வர வேண்டும். பின்னறையிலிருந்து மூன்றாவது பெட்டியைப் பிடுங்கினேன். சுவிட்சை அணைக்க டேப்பைப் பிய்க்க வேண்டியிருந்தது. சுவரில் செருகும் அடாப்டர் அறைக்குள்ளேயே இருக்கும்படி, அதன் மெல்லிய ஒயரை மட்டும் ஜன்னல் கம்பி வழியாக வெளியே விட்டு, பெட்டியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து நீல ஒயரைச் செருகினேன். 6.23. ஆரஞ்சு விளக்கு. அது எழுந்து, யாருடன் பேசுவது என்று தேடி முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகும். அதை அவசரப்படுத்த வழி கிடையாது.

அப்போது தூறல் போட்டது.

கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த பச்சை பிளாஸ்டிக் வாளியை எடுத்துப் பெட்டியின் மேல் கவிழ்த்தேன். காற்றுக்காகவும் ஒயருக்காகவும் ஒரு பக்கம் செங்கல் துண்டு கொடுத்தேன். அந்த இடுக்கு வழியாக விளக்கு தெரிந்தது. ஆரஞ்சு. 6.26. ஆரஞ்சு. அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். 6.27. தாடையில் மழை வழிவதைத் துடைக்கக்கூட நான் கையை எடுக்கவில்லை. 6.28க்கு வெள்ளை.

"உட்காரும்மா. இருக்கு."

வகுப்பு நாற்பது நிமிடம். நான் முழு நேரமும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, பிறகு மூன்று குழந்தைகளின் குரல்கள், ஒன்று மற்றவற்றுக்குக் கொஞ்சம் பின்னால். "அவசரமே இல்லை. கண்ணா, நீ மட்டும் திருப்பிப் பாடு." பன்னிரண்டாவது நிமிடத்தில் மூச்சை அடக்கினேன். விளக்கு மாறவில்லை. இருபதாவது நிமிடம் சுமாருக்கு ஒரு குழந்தையின் குரல் பாதி வரியில் நின்றது. இடுக்கில் பார்த்தேன். வெள்ளைதான். அந்தக் குழந்தை மறந்துதான் போயிருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

ஏழு பத்துக்கு அம்மா வணக்கம் சொல்வது கேட்டது. சில நிமிடங்களில் தாழ்ப்பாள் விலகியது. அப்பா கதவைத் திறந்து வெளியே வந்தார். நாற்பது நிமிடமும் அவர் ஸ்டூல் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார், யாரும் குழாயைத் திறந்துவிடாமல் இருக்க. வீட்டில் வேறு யாருமே இல்லை.

வாளியைப் பார்த்தார். "உங்க ஐ.டி. கம்பெனிய துவைக்கற கல்லுக்கே கொண்டு வந்துட்டியே," என்றார்.

"அப்பா, சுவிட்ச் விஷயம்… நீ அணைக்கலை."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக் கிணற்றடியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

இப்போதைய நிலை இது. அம்மா வாரத்தில் மூன்று நாள் வகுப்பு எடுக்கிறாள். முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்; இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. நீளமான ஒயர் ஒன்று வாங்கி, தண்ணீர் ஓட்டைக்கு மேலே தனியாகத் துளை போட்டு, குழாய்க்குள் விட்டுப் பின்னறைக்கு இழுத்தாகிவிட்டது. மூன்றாவது பெட்டி அங்கேதான் இருக்கிறது. கொல்லைக் கதவு ஆறு மணிக்குச் சாத்தப்படுகிறது, ஏழு மணிக்கு மேல் திறக்கப்படுகிறது. 'தொடக் கூடாது' தாளை அன்றே கிழித்துவிட்டேன். சுவிட்சில் டேப்பின் பிசின் இன்னும் போகவில்லை. அப்பா பின்னறையில் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் என்னைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்கிறார்.